கொலுசு காணாமப் போனாலும் அது துப்பறியும் கதைதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க,

போன ஞாயிறு இணைப்புல ஒரு வாசகர், இந்த கோஸி மிஸ்டரி (வெட்டு குத்து இல்லாம வீடு, ஊருக்குள்ளயே நடக்கற துப்பறியும் கதை) நாவல்ல ரத்தமும் இல்ல வேகமும் இல்ல, வயசானவங்க தூக்கம் வர்றதுக்குப் படிக்கறதுன்னு எழுதியிருந்தாரு. அதப் படிச்சதிலிருந்து மனசு ஆறல. நான் சேலம் செவ்வாப்பேட்டைக்காரி, பதினஞ்சு வருஷமா இந்த மாதிரி கதைங்களத்தான் தேடித் தேடிப் படிக்கறேன், இப்ப எங்க அத்தைக்கு கண்ணு சரியாத் தெரியாததால ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் இங்கிலீஷ்ல இருக்கறத தமிழ்ல சொல்லி சொல்லி அவங்களுக்கும் படிச்சுக் காட்டறேன்.

எங்க தெருவுல நெறைய வீட்டுல கொலுசு வேலைதான். சில வருஷத்துக்கு முன்ன ஒரு வீட்டுல பத்த வைக்க, அதாவது சூடு காட்டி ஒட்ட, எடுத்து வெச்சிருந்த கொலுசு ஒண்ணு காணோம். வேலைக்கு வர்ற பையன் மேலதான் எல்லாருக்கும் சந்தேகம், சட்டைப் பை, சாப்பாட்டு டப்பான்னு எல்லாத்தையும் சோதிச்சுட்டாங்க, அவன் அழுதுக்கிட்டே நிக்கறான். எங்க அத்தை வாசப்படியில நின்னு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க, "நேத்து கரண்ட் போன நேரத்துல வீடு கூட்டுனது யாரு?" பட்டறை வீட்டுக் குப்பையில வெள்ளித்தூள் இருக்கும், அதனால யாரும் வெளிய கொட்ட மாட்டாங்க, டின்னுல சேத்து வெப்பாங்க. அந்த டின்னுல கைய விட்டுத் துழாவுனா தூசியும் முடியும் சுத்தி கொலுசு கெடக்குது. இருட்டுல பலகையிலிருந்து விழுந்தது தெரியாம கூட்டி அள்ளியிருக்காங்க.

இந்தக் கதைங்களோட உயிரே இதுதாங்க. வீட்டு வேலை தெரிஞ்சவங்களுக்கு மட்டும் கண்ணுல படற ஒரு துப்பு. இங்கிலீஷ் எழுத்தாளர் அகதா கிறிஸ்டியோட துப்பறியற அம்மா மிஸ் மார்பிள் 1930ல முதல் நாவல்ல வந்தாங்க, மொத்தம் 12 நாவல், அந்தம்மா துப்பாக்கி எடுத்ததால எதையும் கண்டுபுடிக்கல, தன் கிராமத்துல இன்னார் இப்படி நடந்துக்குவாங்கன்னு தெரிஞ்சு வெச்சிருந்ததுனாலதான். கிறிஸ்டி முதல் உலகப் போர் சமயத்துல ஆஸ்பத்திரி மருந்தகத்துல வேலை பாத்தவங்க, அங்க கத்துக்கிட்டதுதான் அவங்க கதைங்கள்ல வர்ற விஷமெல்லாம். ரத்தம் இல்லேன்னா விவரம் இல்லேன்னு ஆயிடுமா?

அத்தைக்கு ரொம்பப் புடிச்சது ஆப்பிரிக்காவுல போட்ஸ்வானாங்கற நாட்டுல நடக்கற நாவல் வரிசை, 1998ல ஆரம்பிச்சது, அலெக்சாண்டர் மெக்கால் ஸ்மித் எழுதினது. அப்பா விட்டுட்டுப் போன மாடுங்கள வித்து ஒரு பொண்ணு துப்பறியற ஆபீஸ் போடுது. மாட்ட வித்துச்சுன்னு படிச்சதும் அத்தை "அய்யோ, மாட்டையா"ன்னு எந்திரிச்சு உக்காந்துட்டாங்க. அந்த வரிசையில பெரும்பாலும் கொலையே கெடையாது, ஓடிப்போன புருஷன், காணாமப்போன புள்ள, இப்படித்தான் வழக்கு வரும், ஆனா புத்தகத்தை மூடி வைக்க மனசு வராது.

குறையே இல்லேன்னு சொல்லலீங்க. இப்ப வர்ற சில வரிசைங்க பத்தாவது புத்தகத்தத் தாண்டுனதும் பேக்கரி, பூனை, கேக் செய்முறைன்னு பக்கத்த நிரப்பிட்டு, கடைசி அத்தியாயத்துல இதுவரைக்கும் தலையே காட்டாத ஒருத்தன கொலைகாரன்னு கொண்டாந்து நிறுத்துறாங்க, இது படிக்கறவங்கள ஏமாத்தற வேலை. கதையில துப்பறியறவங்க கண்ட துப்பு எனக்கும் தெரிஞ்சிருக்கணும், நான் கோட்ட விட்டா அது என் தப்பு, ஒளிச்சு வெச்சா அது எழுதினவரு தப்பு.

நம்ம தமிழ்ல எழுத்தாளர் தேவன் ஒரு பேங்க் குமாஸ்தாவ வெச்சே சம்புன்னு துப்பறிய விட்டாரு, ஜனங்க கொண்டாடுனாங்க. அப்புறம் பஸ் ஸ்டாண்டு கடையில தொங்குன மாத நாவல் அட்டையெல்லாம் கத்தியும் துப்பாக்கியுமா ஆயிடுச்சு. அதுவும் நான் ஆசையாப் படிச்சதுதான், கொற சொல்லல. ஆனா வீட்டுத் திண்ணையில நடக்கற துப்பறியும் கதை ஏன் நின்னு போச்சுன்னு தெரியல.

அதனால உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். ஞாயிறு இணைப்புல இந்த மாதிரி ஒரு தொடர்கதை போடுங்க, ஏற்காட்டுல வெச்சே எழுதச் சொல்லுங்க. மழையில மண்ணு சரிஞ்சு இருபது கொண்டை ஊசி வளைவு ரோடும் அடைச்சு, மலைக்குப் போற இன்னொரு வழியான குப்பனூர் ரோட்டுலயும் மரம் விழுந்துட்டா மேல இருக்கறவங்க மேலயேதான், குத்தவாளியும் அவங்களுக்குள்ளதான். காப்பி பழம் பறிக்கற காலத்துல எஸ்டேட்டுல கூலிக் கணக்கு எழுதற ஒரு அம்மா போதும் துப்பறிய, யாரு எத்தன கூடை பறிப்பாங்க, யாரு என்னிக்கு வரலேன்னு எல்லாம் அவங்களுக்கு அத்துப்படி. சில்வர் ஓக் மரத்துல மெளகுக் கொடி ஏத்தறது, காப்பி காய வெக்கற களம் எல்லாம் தெரிஞ்சவங்க எழுதணும், மலைக்குப் போயி போட்டிங் மட்டும் போயிட்டு வந்தவங்க வேண்டாம்.

தொடர் போட்டீங்கன்னா எழுத்தக் கொஞ்சம் பெருசாப் போடுங்க, வாசிக்கறப்ப எனக்கும் இப்ப கண்ணாடி பத்த மாட்டேங்குது.

இப்படிக்கு,
ஒரு வாசகி, செவ்வாப்பேட்டை, சேலம்