நடைவண்டிக்கு அளவு வேண்டும்

அன்பு மகளுக்கு,

இங்கே ஆஸ்திரேலியாவில் நானும் உன் தம்பியும் மருமகளும் நலம். அங்கே நீ, மாப்பிள்ளை, குட்டி, உன் அம்மா எல்லோரும் சுகம்தானே? ஃபோனில் பேசத் தொடங்கினால் குட்டி அழுகிறாள், அவள் தூங்கினால் உன் அம்மா ஃபோனைப் பிடுங்கிக்கொள்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன். பிள்ளை தூங்கும்போது உட்கார்ந்து படி.

“அறுபத்தாறு வயசுல அறுவை மெஷின் பக்கம் போகணுமாப்பா, கோயில், வாக்கிங்னு இருக்கக் கூடாதா” என்று கேட்டாய். கேள்வி உன்னுடையது, குரல் உன் அம்மாவுடையது. எனக்குத் தெரியாதா? நான் போவதை நிறுத்தப் போவதில்லை. அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் நீங்கள் இரண்டு பேரும் இவ்வளவு பயப்பட மாட்டீர்கள்.

உன் பேறுகாலத்துக்கு அம்மா கிளம்பி வந்த பிறகு இங்கே என் நிலைமையை யோசித்துப் பார். காலை ஏழரைக்கு உன் தம்பியும் மருமகளும் வேலைக்குப் போனால் சாயங்காலம் ஆறு மணி வரை வீட்டில் நானும் ஃபிரிட்ஜும்தான். தபால் ஆபீஸில் நாள் முழுக்க ஜனங்களோடு பேசியே பழகினவன். உன் தம்பிதான் இந்த ஷெட்டைக் கண்டுபிடித்துச் சேர்த்துவிட்டான்.

மென்ஸ் ஷெட் என்று பெயர். இந்த ஊர் ஆண்களுக்கு வீட்டுக் கொல்லையில் ஒரு கொட்டகை இருக்கும், ஓய்ந்த நேரத்தில் அதில் எதையாவது தட்டிக்கொண்டிருப்பார்கள். வயதாகி, பெரிய வீட்டை விற்றுச் சின்ன வீட்டுக்குப் போனால் கொட்டகையும் போய்விடும். அதற்குப் பதில் ஊருக்குப் பொதுவாக ஒன்று. இந்தப் பெயரிலேயே முதலில் திறந்தது இதே விக்டோரியா மாநிலத்தில் டொங்காலா என்ற ஊரில், 1998இல். 2007இல் நாடு முழுவதற்குமாக ஒரு சங்கம் அமைத்தார்கள். இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஷெட்டுகள் இருக்கின்றன, அயர்லாந்து, இங்கிலாந்து வரை பரவிவிட்டது. ஆண்கள் எதிரெதிரே உட்கார்ந்தால் மனசுவிட்டுப் பேச மாட்டார்கள், தோளோடு தோள் நின்று வேலை செய்தால் பேசுவார்கள் என்பது இவர்கள் சொல்லும் காரணம். நம் ஊர் டீக்கடையைப் பார்க்காதவர்கள் சொன்னது அது. ஆனால் என் இங்கிலீஷுக்கு இந்த ஏற்பாடு வசதிதான். பேச வாய் வராத இடத்தில் உப்புத்தாளைத் தேய்த்துக்கொண்டிருந்தால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

மெஷின் விஷயத்துக்கு வருகிறேன். போன அன்றே எதையும் தொட விடுவதில்லை. ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்து, பக்கத்தில் நின்று செய்யச் சொல்லிப் பார்த்து, நோட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் நாம் ஓட்டலாம். துளை போடும் மெஷின், பேண்ட் சா என்கிற பட்டை வாள், கடைசல் இந்த மூன்றுக்கும் எனக்குக் கையெழுத்தாகிவிட்டது. நீ பயப்படும் வட்ட வாளுக்கு இன்னும் ஆகவில்லை. அதன் ஆபத்து விரல் மட்டும் இல்லை. அறுபட்ட பலகை பின்னால் நெருங்கி வாளைக் கவ்விக்கொண்டால், பலகை அப்படியே அறுக்கிறவர் வயிற்றைப் பார்த்துப் பாயும். கவ்வாமல் இருக்க வாளுக்குப் பின்னால் மெல்லிய தகடு ஒன்று நிற்கும். அதைக் கழற்றிவிட்டு ஓட்டினால் அவ்வளவுதான், வெளியே போ என்று சொல்லிவிடுவார்கள். இன்னொன்று உனக்கு ஆச்சரியமாக இருக்கும். சுற்றுகிற மெஷினில் கையுறை போடக் கூடாது, சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். நானும் முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன். மரத்தூளைப் பெரிய குழாய் வைத்து உறிஞ்சி எடுக்கிறார்கள், மூக்குக்கும் மாஸ்க் உண்டு. மரத்தூள் வருஷக்கணக்கில் உள்ளே போனால் மூக்கில் புற்றுநோய் வரலாம் என்பது நிரூபணமான விஷயம். ஊரில் நம் ஆசாரிமார் வாயில் துண்டுகூடக் கட்டாமல் வேலை பார்ப்பதை நினைத்தால் எனக்கு இப்போதுதான் பகீர் என்கிறது.

சரி, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாயே. பாலர் பள்ளிக்கு மண்ணில் விளையாட அடுப்படி மேடை, உடைந்த நாற்காலி, பூந்தொட்டிப் பெட்டி. கிறிஸ்துமஸுக்கு இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு மரக் கார், மர ரயில். நிதி திரட்ட பன்னிங்ஸ் என்கிற ஹார்டுவேர் கடை வாசலில் அடுப்பு போட்டு ரொட்டியில் சாசேஜ் வைத்து விற்பார்கள். நான் சைவம் என்பதால் என்னை வெங்காயம் வதக்க விட்டுவிட்டார்கள். வதக்கிய வெங்காயம் கீழே விழுந்து யாராவது வழுக்கி விழக் கூடாது என்று 2018இல் அந்தக் கடைக்காரர்கள் வெங்காயத்தை சாசேஜுக்கு அடியில் வைக்கச் சொல்ல, நாடே அதைப் பற்றி விவாதம் பண்ணியதாம்.

எனக்குப் பிடித்த வேலை பறவைப் பெட்டி. இந்த நாட்டில் மரங்கொத்தியே கிடையாது, தெரியுமா? அதனால் மரப்பொந்தைக் குடைந்து கொடுக்க ஆள் இல்லை. கிளை ஒடிந்து, கரையான் தின்று, நெருப்புப் பட்டு, உளுத்துத்தான் பொந்து உண்டாக வேண்டும். யூகலிப்டஸ் மரத்தில் ஒரு நல்ல பொந்து விழ நூறு வருஷத்துக்கு மேல் ஆகும். பறவை, விலங்கு என்று சுமார் 300 வகை உயிர்கள் அந்தப் பொந்துகளை நம்பி இருக்கின்றன. பழைய மரங்களை வெட்டி வீடு கட்டிவிட்டார்கள், இப்போது பெட்டி செய்து தொங்கவிடுகிறோம். பெட்டிக்கு உள்பக்கம் இழைக்கக் கூடாது, சொரசொரப்பாகவே விட வேண்டும். அப்போதுதான் குஞ்சு நகத்தை ஊன்றி வாசலுக்கு ஏறி வரும். பெயின்டும் வெளியே மட்டும்தான். அடிப்பலகையில் தண்ணீர் வடிய ஓட்டை. ரோசெல்லா என்கிற வண்ணக்கிளிக்கு வாசல் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர். அதைவிடப் பெரிதாக்கினால் வேறு யாராவது குடியேறிவிடுவார்கள்.

அந்த வேறு யாராவது யார் என்று நினைக்கிறாய்? நம் ஊர் மைனா! 1862இல் பூச்சி பிடிக்கட்டும் என்று மெல்போர்னில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அது பெருகி, இங்கத்திய கிளிகளைப் பொந்திலிருந்து துரத்திவிட்டு உட்கார்ந்துகொள்கிறது. அதற்காகவே வாசலுக்கு முன்னால் சற்று இடைவெளி விட்டு ஒரு பலகையை மறைப்பாக அடிக்கிறோம். கிளி பக்கவாட்டில் தொற்றி ஏறி உள்ளே போய்விடும், நேராகப் பறந்து வந்து நுழைந்து பழகிய மைனாவுக்கு அது தோதுப்படாது. “உங்க ஊர்ப் பறவையைத் தடுக்க நீயே பலகை அடிக்கிறாயே” என்று கிண்டல் செய்தார்கள். ஊட்டி மலை முழுக்க உங்கள் யூகலிப்டஸ்தான் நிற்கிறது, முதலில் அதைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன்.

மரம் பெரும்பாலும் பழசுதான். இந்த மாநிலத்தில் அரசாங்கக் காட்டில் இயற்கையாக வளர்ந்த மரத்தை வியாபாரத்துக்கு வெட்டுவதை 2024 ஜனவரி முதல் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். வீடு இடிக்கிற இடத்திலிருந்து தரைப்பலகை, உத்தரம் வாங்கி வந்து ஆணி பிடுங்குகிறோம். ஆணி பிடுங்கவே ஒரு மேஜை. பச்சை நிறமாக மருந்தேற்றிய பைன் கட்டையை மட்டும் பொம்மைக்குத் தொட விடமாட்டார்கள், அதில் ஆர்செனிக் இருக்கலாம்.

கடைசல் மெஷினைப் பற்றிச் சொல்லாவிட்டால் கடிதம் முடியாது. அம்பாசமுத்திரத்தில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மரச் செப்புச் சாமான் பட்டறை வாசலில் நிற்போம். கட்டை சுற்றும், உளி பட்டதும் சீவல் சுருள் சுருளாகப் பறக்கும், அரக்குக் குச்சியை வைத்து அழுத்தினால் சூட்டிலேயே சிவப்பு ஏறிக்கொள்ளும். எத்தனை வருஷம் பார்த்தேன்! ஒரு நாளும் நான் உளியை வாங்கிப் பிடித்ததில்லை. கேட்டால் அவர்கள் கொடுத்திருக்க மாட்டார்கள், கொடுத்திருந்தால் வீட்டில் அடி விழுந்திருக்கும். அது அவர்கள் வேலை, நமக்குப் பேனா. ஷெட்டில் கண் டாக்டராக இருந்தவரும் பிளம்பராக இருந்தவரும் ஒரே விளக்குமாற்றால் முறை போட்டுப் பெருக்குகிறார்கள். இவர்கள் எல்லாம் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. இங்கே சந்தா கட்டி ஆசையாகச் செய்கிற வேலையை அங்கே ஒருவன் பிளாஸ்டிக் சாமானோடு போட்டி போட்டுக்கொண்டு வயிற்றுக்காகச் செய்கிறான். ஒவ்வொரு தடவை கடைசலில் நிற்கும்போதும் அந்த வாசல் ஞாபகம் வருகிறது, கொஞ்சம் கூசவும் செய்கிறது.

குட்டிக்கு நடைவண்டி செய்துகொண்டிருக்கிறேன். அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடு, கடையில் வாங்கித் தொலைத்துவிடப் போகிறாள். வரைந்து காட்டியபோது யாருக்கும் புரியவில்லை, மூன்று சக்கரத்தில் எப்படி நிற்கும் என்றார்கள். ஐம்பது வருஷம் அலமாரி செய்த ஓர் இத்தாலிக்காரர் இருக்கிறார், என்னைவிட இங்கிலீஷ் குறைவு. அவர்தான் பென்சிலைப் பிடுங்கி, பின்சக்கரம் இரண்டையும் இன்னும் அகலமாகத் தள்ளிப் போட்டுக் கொடுத்தார். பலகை, இடித்த வீட்டுத் தரைப்பலகை. டாஸ்மேனியன் ஓக் என்பார்கள், உண்மையில் அதுவும் யூகலிப்டஸ்தான், வைரம் பாய்ந்து இரும்பு மாதிரி இருக்கிறது. சக்கரம் மூன்றும் நானே கடைந்தது.

சக்கரத்தில்தான் எங்களுக்குள் சண்டை. உள்ளே பேரிங் போட்டால் வழுக்கிக்கொண்டு ஓடும் என்று ஒருவர் வாங்கியே வந்துவிட்டார். வேண்டாம் என்றேன். நடக்கப் பழகும் பிள்ளை கைப்பிடியில் மொத்தக் கனத்தையும் போடும், வண்டி வழுக்கி ஓடினால் பிள்ளை முகம் குப்புறத்தான் விழும். மர அச்சில் மரச் சக்கரம் இறுக்கமாக உராய்ந்து, கிரீச் கிரீச் என்று முனகிக்கொண்டு வந்தால்தான் பிள்ளையின் வேகத்துக்கு வண்டி போகும். இத்தாலிக்காரர் ஒரு சக்கரத்தை அச்சில் மாட்டிக் கையால் சுற்றிப் பார்த்தார், இரண்டு சுற்றில் நின்றது. தலையை ஆட்டினார். பேரிங் வாங்கி வந்தவர் அதை மர ரயிலுக்கு எடுத்துக்கொண்டார்.

இரும்பு ஆணி ஒன்றுகூடக் கிடையாது. ஒரு கட்டையில் துளை, இன்னொன்றின் முனையை அதில் செருகி மர ஆப்பு. ஆப்பைத் தட்டினால் கழன்றுவிடும், பெட்டியில் படுக்கப்போட்டுக் கொண்டுவரலாம். தைக்கு வரும்போது கொண்டுவருகிறேன்.

இப்போது உனக்கு இரண்டு வேலை. மாப்பிள்ளை அம்பாசமுத்திரம் பக்கம் போனால் கடைசல் பட்டறையில் சிவப்பும் மஞ்சளுமாக அரக்குக் குச்சி வாங்கி வைக்கச் சொல். இங்கேயும் அதே அரக்குதான், ஆனால் ஸ்பிரிட்டில் கரைத்துப் பிரஷ்ஷால் பூசுகிறார்கள், நம் ஊர்ப் பளபளப்பு வரவில்லை. இனிமேல் கடைகிற பொம்மைகளுக்கு ஆகும். நான் இங்கே திரும்பும்போது விமான நிலையத்தில் அட்டையில் எழுதிக் காட்டிவிட்டே எடுத்து வருகிறேன், ஒளித்துக் கொண்டுவந்து அபராதம் கட்ட எனக்குத் தெம்பில்லை.

இரண்டாவதுதான் அவசரம். குட்டி சுவரைப் பிடித்து எழுந்து நிற்கிறாள் என்றாயே, அப்போது தரையிலிருந்து அவள் நெஞ்சு வரை எவ்வளவு உயரம் என்று அளந்து அனுப்பு. கைப்பிடியை அதற்கு ஒரு விரல்கடை கீழே வைக்க வேண்டும். தை வருவதற்குள் வளர்ந்துவிடுவாள் என்பதால் மேலும் கீழும் நகர்த்த மூன்று துளை போடப் போகிறேன், ஆனால் முதல் துளைக்கு அளவு வேண்டும். தையல் டேப் வைத்துச் சென்டிமீட்டரில் அள. உன் அம்மாவிடம் விட்டால் ஒரு சாண் நாலு விரல் என்பாள், அவள் சாணுக்கு இங்கே அளவுகோல் கிடையாது.

அன்புடன்,
அப்பா