மடைப் பலகைக்கு ஒரு சொல், மீன்குழம்புக்கு ஒரு சொல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் மாணவர் பக்கத்தில் இம்ப்ரூவ், என்ஹான்ஸ், அமிலியரேட் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களுக்கும் 'மேம்படுத்து' என்று ஒரே பொருள் போட்டிருந்தீர்கள். அகராதிப்படி தப்பில்லைதான். ஆனால் தக்கலையில் 19 வருடமாக மனு டைப் செய்து பிழைக்கிறவன் நான். இந்த ஒரே பொருளால் பட்டிருக்கிறேன்.

போன வருடம் ஒரு பாட்டா வந்தார். "மக்களே, குளத்து மடைப் பலகை உளுத்துப் போச்சு, தண்ணி நிக்கல்ல. இங்கிலீசுல எழுது" என்றார். நானும் 'இம்ப்ரூவ்மென்ட்' என்று கெத்தாக அடித்துக் கொடுத்தேன். வந்த பதில் இதுதான்: மேம்பாட்டுப் பணிக்கு எஸ்டிமேட் வேண்டும், தனி நிதி வேண்டும், இப்போது இல்லை. பாட்டா கேட்டதோ ஒரு பலகை! 'ரிப்பேர்' என்று அடித்திருந்தால் பராமரிப்புக் கணக்கில் பார்த்திருப்பார்கள். மறுபடி டைப் செய்து கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

அதற்கப்புறம், பொருள் இப்போது எந்த நிலையில் கிடக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே நன்றாக இருப்பதைத் தூக்கிக் காட்டுவது என்ஹான்ஸ். உயரம் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. மீன்குழம்பை இறக்கும்போது மேலே விடுகிற பச்சைத் தேங்காயெண்ணெய் செய்கிற வேலை அதுதான். மீன் கெட்டிருந்தால் அந்தச் சொல்லுக்கு அங்கே இடமில்லை.

அமிலியரேட் நேர் எதிர். மோசமானதன் பக்கத்தில்தான் நிற்கும். 2017-ல் ஓக்கி புயல் முடிந்து கடற்கரை ஊர்க்காரர்களுக்காக எழுதிய மனுக்களில் அந்தச் சொல் பொருந்தியிருக்கும். போன உயிர் திரும்பாது, இருப்பவர்கள் பாடு கொஞ்சம் தணியலாம். தமிழில் 'தணி' என்றே சொல்லலாமே, 'மேம்படுத்து' எதற்கு?

பத்திரத்தில் சர்வே எண் தப்பு என்றால் ரெக்டிஃபை. பிழைத்திருத்தல் பத்திரம் என்று நாமே சொல்கிறோம். பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. அந்தக் கறுப்புத் தரையை யாராவது ரெஸ்டோர் செய்தால், அதாவது பழையபடி ஆக்கினால், சந்தோஷம். இம்ப்ரூவ் செய்கிறேன் என்று கிளம்பினால் டைல்ஸ் ஒட்டிவிடுவார்களோ என்று எனக்குப் பயம்.

அடுத்த முறை பொருளோடு நிறுத்தாமல், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வாக்கியமாவது போடுங்கள். என் கடைக்கு வரும் பிள்ளைகள் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொள்கிறார்கள்.

இப்படிக்கு,
மனு எழுதும் ஒரு வாசகன்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.