அந்தத் துணியைக் கேட்டு வாங்கிய சகோதரிக்கு

பிறந்து ஐந்தே நாளான என் மகள் விடியற்காலை மூன்று மணிக்கு வாந்தி எடுத்தாள். பழைய வேட்டித் துணியில் பாலோடு ரத்தம், நடுவில் காப்பித்தூள் போலக் கருந்திட்டுகள். என் அத்தை அலறிய அலறலில் தெருவே எழுந்துவிட்டது.

பாலக்கோட்டுக்குத் தக்காளி ஏற்றிப்போகும் எதிர்வீட்டு அண்ணன், 108 வரும்வரை டார்ச்சோடு ரோட்டு முனையில் நின்றார். அண்ணா, அந்த வெளிச்சம் இல்லையென்றால் வண்டி எங்கள் தெருவைக் கண்டுபிடித்திருக்காது. வண்டியில் வந்த தம்பி குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தொப்புளில் கசிவு உண்டா, வாந்தியில் பச்சை கலந்திருந்ததா, பால் குடிக்கச் சோர்வாக இருக்கிறாளா என்று வழிநெடுகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

தருமபுரியில் இறங்கியதும் செவிலியர் சகோதரி முதலில் கேட்டது அந்தத் துணியை. கழுவிவிடலாம் என்று என் கணவர் குழாயடிக்கே போய்விட்டார். சகோதரிதான் ஓடிப்போய் அதை வாங்கி வந்தார். பிறந்தவுடன் போடவேண்டிய வைட்டமின் கே ஊசி, 1 மில்லிகிராம், போட்டார்களா என்று அட்டையைப் புரட்டிப் பார்த்தார். அது போடாத குழந்தைக்கு முதல் வாரத்தில் ரத்தம் உறையாமல் கசியலாமாம். இரைப்பைப் புண், கிருமித்தொற்று, குடல் கோளாறு எல்லாவற்றையும் மனத்தில் வைத்தே பார்க்கவேண்டும் என்றார் மருத்துவர்.

துணியில் இருந்த கறையைத் தண்ணீரில் கரைத்து, காரக் கரைசல் சேர்த்தார்கள். பச்சிளம் குழந்தையின் ரத்தம் என்றால் இளஞ்சிவப்பாகவே நிற்கும். பெரியவர்களுடையது மஞ்சள் கலந்த பழுப்பாகிவிடும். 1955-இலேயே அறியப்பட்ட சோதனையாம். எங்கள் கண்ணெதிரே அது பழுப்பானது. ரத்தம் என்னுடையது!

மூன்று நாளாக என் மார்புக்காம்பு வெடித்திருந்தது. அதில் கசிந்த ரத்தத்தைத்தான் பாலோடு விழுங்கியிருக்கிறாள். தலைப்பிள்ளைக்காரி இதைக்கூடத் தாங்கமாட்டாளா என்று சொல்லிவிடுவார்களோ என யாரிடமும் வாய்திறக்கவில்லை. சகோதரி திரையை இழுத்துவிட்டு, "வலிக்கிறதாம்மா?" என்று மட்டும் கேட்டார். நான் அழுதேன். கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. காம்பை மட்டுமல்ல, சுற்றியுள்ள கருவட்டத்தையும் குழந்தையின் வாய் கவ்வும்படி அவரே பிடித்துக் காட்டினார். பாலை நிறுத்தவேண்டியதில்லை என்றும் சொன்னார். சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம் என்று நின்ற அத்தைக்கும் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அந்தப் பொறுமைக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்!

மற்றப் பரிசோதனைகளிலும் குறை இல்லை. இரண்டு நாள் கண்காணித்து அனுப்பினார்கள். புண் ஆறிவிட்டது, மகள் எடை கூடுகிறாள். அடுத்த மாதம் தொட்டிலிடுகிறோம். அண்ணா, தம்பி, சகோதரி, மூவரும் அவசியம் வரவேண்டும். முதலில் அவளைத் தூக்கித் தொட்டிலில் போடவேண்டியது நீங்கள்தான், சகோதரி.