வரவேற்பு ‘வாவேற்பு’ ஆன கதை: எழுத்துரு வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் எழுத்துரு வடிவமைக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். பேனர், அழைப்பிதழ், கடைப் பலகை என்று நாளெல்லாம் நீங்கள் வரைந்த எழுத்துகளை வைத்துப் பிழைப்பவன் நான். சென்ற மாதம் ஒரு கல்யாண மண்டப வாசலுக்குப் பலகை செய்தேன். அந்தக் காலத்தார் கற்பனை செய்த எதிர்காலம் போல எழுத்து இருக்க வேண்டும் என்றார் மாப்பிள்ளை. தடித்து, முனை மழுங்கி, காம்பஸ் வைத்து இழுத்தது போன்ற எழுத்து. இணையத்தில் கிடைத்த ஓர் எழுத்துருவில் ‘வரவேற்பு’ என்று அடித்தேன். ரகரத்தின் அடியில் இருக்க வேண்டிய சாய்கோடு உருட்டலில் கரைந்து, வெறும் காலாக நின்றுவிட்டது. “வாருங்கள் என்று சொல்ல வாய் வரவில்லையா? ‘வா’ என்கிறார்களே!” என்றார் வாசலில் ஒரு பெரியவர். அச்சுக்கு அனுப்புமுன் கவனிக்காதது என் தப்புதான்.

இந்தப் பாணியில் உலகறிந்தது நாசாவின் பெயர்ச் சின்னம். நியூயார்க்கில் ரிச்சர்ட் டானும் புரூஸ் பிளாக்பர்னும் நடத்திய நிறுவனம் உருவாக்கி, 1975-இல் வந்தது. வளைந்து நெளிந்ததால் ‘புழு’ என்று செல்லப் பெயர். 1992-இல் ஓரங்கட்டப்பட்டு, 2020-இல் ஃபால்கன் 9 ராக்கெட்டில் ஏறித் திரும்பி வந்தது. அதில் இரண்டு ஆங்கில ‘ஏ’ (A) எழுத்துகளுக்கும் குறுக்குக் கோடே கிடையாது. ஆனாலும் யாரும் தடுமாறுவதில்லை. கோட்டை எடுத்தாலும் அந்த இடத்தில் வேறு எழுத்து வந்து உட்காராது.

நம் எழுத்தில் உட்கார்ந்துவிடும். ரகரத்தின் வாலை எடுத்தால் கால். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் நடுவே ஒரு சிறு கீற்றுதான். மூன்று சுழி ‘ண’ இன்னும் பாவம்: தடிமன் ஏற ஏறச் சுழிகள் அடைபட்டு, தூரத்திலிருந்து பார்த்தால் மைக்கறை. ‘கண்ணன்’ என்று ஒரு முறை அடித்து, சாலைக்கு அந்தப் பக்கம் போய் நின்று படித்துப் பாருங்கள்.

தடித்த தமிழே இல்லை என்று சொல்லவில்லை. ஏக் டைப் என்ற வடிவமைப்புக் குழுவின் ‘பாலூ தம்பி’ எழுத்துரு இலவசமாகவே கிடைக்கிறது. பாதிப் பலகைகளுக்கு அதுதான் எனக்குக் கை கொடுக்கிறது. ஆனால் அதில் இருப்பது தூரிகையின் குழைவு. விண்கலச் சாயல் கேட்பவரிடம் அதைக் காட்டினால் உதட்டைப் பிதுக்குகிறார்.

ஆகவே, சுழிகளுக்குள் வெளிச்சம் போக இடம் விடுங்கள். ரகரத்தின் வாலை மற்றக் கோடுகளைவிடத் துணிந்து நீட்டுங்கள். அளவுகோல் கொஞ்சம் கோணினாலும் பரவாயில்லை. இன்னொரு ஆசையும் உண்டு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் லை, னை போன்றவற்றுக்கு இருந்த துதிக்கை வடிவத்தை, வேண்டுபவர் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் மாற்றெழுத்தாக உள்ளே வையுங்கள். அந்த வளைவு உங்கள் காம்பஸுக்கென்றே பிறந்தது.

தை பிறந்தால் எனக்கு முகூர்த்தக் காலம். அதற்குள் யாராவது ஒரு சோதனைப் பதிப்பு அனுப்பினால், ‘வரவேற்பு’ என்று எட்டடி அகல ஃப்ளெக்ஸில் அடித்து, ரகரம் நிற்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். அச்சுக் கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு பேனர் கடைக்காரன்