வெள்ளைத்தாளில் வைத்த இலை

சேலம் மாவட்டத்தில் ஆய்வு செய்யும் மாணவர்களுக்கும் அவர்களுடைய வழிகாட்டிகளுக்கும்,

வணக்கம். வாழப்பாடிப் பக்கம் இரண்டு ஏக்கரில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போடுகிறேன். ஓய்வு பெறும்வரை பள்ளியில் வேதியியல் வாத்தியார். அதனால் புதுக் கண்டுபிடிப்பு என்று எது வந்தாலும் படிக்காமல் விடுவதில்லை. படித்ததையும் பட்டதையும் வைத்து ஒன்று கேட்கவே இந்த மடல்.

போன மாசியில் ஒரு கல்லூரியிலிருந்து நான்கு பிள்ளைகள் வந்தார்கள். இலையைப் படம் பிடித்தால் நோயின் பெயரைச் சொல்லும் செயலி செய்திருந்தார்கள். ஒரு தம்பி இலையைக் கிள்ளி வெள்ளைத்தாளில் வைத்துப் படமெடுத்தான். 'தேமல்' என்றது செல்போன். பக்கத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த அக்கா எட்டிப் பார்த்துச் சிரித்தார். "குருத்தைப் பாரு கண்ணு" என்று செடியை வளைத்துக் காட்டினார். நுனி இலைகள் விரியாமல் முட்டைக்கோசு மாதிரி சுருண்டு கிடந்தன. பிரித்தால் உள்ளே மாவு தூவினாற்போல் வெள்ளை. விரலில் பிசுபிசுப்பு. தண்டில் எறும்பு வரிசை. மாவுப்பூச்சி! கிள்ளிய இலையில் இதில் ஒன்றுமே இல்லை.

பெயர் மாறினால் வைத்தியமும் மாறிவிடும். தேமல் வைரஸ் நோய். வெள்ளை ஈயும் நோயுள்ள குச்சியும் அதைப் பரப்பும். செடியைப் பிடுங்கிவிட்டு நல்ல குச்சி வாங்கி நட வேண்டும். இந்த வகை மாவுப்பூச்சியோ 2020இல் கேரளத்தில் தென்பட்டு நம் பக்கம் பரவியது. அதை அடக்க ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து, 2022இல் நம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். கடுகளவே இருக்கும் குளவி. தேமல் என்று நம்பி வெள்ளை ஈக்கு மருந்தடித்தால் இந்தக் குளவியும் சேர்ந்து சாகும். அப்புறம் ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லில் கிழங்கின் மாவுச்சத்தை அளந்து பாயிண்ட் போடும்போது தலையைச் சொறிந்துகொண்டு நிற்பவன் நான்.

பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. பெரிய இடத்திலேயே நடந்ததுதான். 2016இல் வந்த ஓர் ஆய்வில் 14 பயிர், 26 நோய், 54,306 இலைப் படங்களைக் கணினிக்குக் காட்டிப் பழக்கினார்கள். பழக்காமல் ஒதுக்கி வைத்த படங்களில் அது 99.35 சதவீதம் சரியாகச் சொன்னது. வேறு சூழலில் எடுத்த படங்களைக் காட்டியதும் 31 சதவீதத்துக்குச் சறுக்கியது. இரண்டு எண்ணையும் அவர்களே ஒரே கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள். அதற்கு ஒரு கும்பிடு. பிறகு தான்சானியாவில் வயலிலேயே குச்சிக்கிழங்கு இலைகளைப் படமெடுத்துப் பழக்கினார்கள். அந்தத் தொகுப்பிலும் மாவுப்பூச்சி கிடையாது. அது நம் வயலில் இருக்கிறது, எடுக்கத்தான் ஆளில்லை.

மருந்து வேதியியலிலும் இதே கதை ஓடுகிறது. மஞ்சள் ஏலத்துக்குப் பேர்போன ஊர்க்காரர்கள் நாம், மஞ்சளில் உள்ள குர்குமின் எல்லா நோயையும் தீர்க்கும் என்று எத்தனை கல்லூரிக் கருத்தரங்கில் கேட்டிருக்கிறோம்! 2017இல் மருந்து வேதியியலாளர்கள் சிலர் அதுவரை வந்ததையெல்லாம் அலசினார்கள். ஆய்வகச் சோதனையில் குர்குமின் நம்மை ஏமாற்றக்கூடியது: தானே ஒளிர்கிறது, கண்ட புரதத்தோடும் ஒட்டுகிறது, உடலின் காரத்தன்மையில் சில நிமிடத்திலேயே சிதைகிறது. 120க்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடந்தும், யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாத்திரை என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் நடத்திய சோதனை ஒன்றில்கூட அது ஜெயிக்கவில்லை என்றார்கள். வீட்டுக் குழம்பில் மஞ்சள் போடுவதை நான் நிறுத்தவில்லை, அது வேறு.

இதோடு ரென்டோசெர்டிப்பை ஒப்பிடுங்கள். நுரையீரல் தழும்பேறும் நோய்க்கு, எந்தப் புரதத்தைத் தாக்குவது என்பதிலிருந்து மூலக்கூறு வரை செயற்கை நுண்ணறிவின் துணையோடு வந்த மருந்து. 2025இல் முடிவு வெளியானது. சீனாவில் 71 நோயாளிகள், 12 வாரம். அதிக அளவு மருந்து சாப்பிட்டவர்களின் மூச்சுக் கொள்ளளவு சராசரியாக 98.4 மில்லிலிட்டர் கூடியது; வெறும் மாத்திரைக்காரர்களுக்கு 20.3 குறைந்தது. 71 பேர் என்பது சின்னக் கூட்டம், பெரிய சோதனை இன்னும் வேண்டும். ஆனாலும் மனித உடம்பில் ஊதிப் பார்த்து எடுத்த எண் அது.

பொருளறிவியலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2023 நவம்பரில் கூகுளின் டீப்மைண்ட் நிறுவனம் 22 லட்சம் புதுப் படிகங்களைக் கணித்தது. அதில் 3,80,000 நிலையானவை என்றது. அதே நேரத்தில் அமெரிக்காவின் பெர்க்லியில் ஒரு தானியங்கி ஆய்வகம் 17 நாளில் 41 பொருள்களைச் செய்துவிட்டதாக அறிவித்தது. சில வேதியியலாளர்கள் அந்த எக்ஸ்கதிர்ப் பதிவுகளை உட்கார்ந்து பார்த்துவிட்டு, இதில் புதிதாக ஒன்றுமில்லை, பல ஏற்கெனவே தெரிந்தவை என்றார்கள். பதிவைப் படிக்கத் தெரிந்த கண்கள்!

சரி, உங்களிடம் கேட்பது இதுதான். பல கோடி ரூபாய் கணினியோடு நீங்கள் போட்டி போட வேண்டாம். அது சொல்வதைச் சரிபார்க்கிற வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். மேக்னசைட் என்கிற வெள்ளைக்கல் கரடு கருப்பூரில் கண்ணெதிரே நிற்கிறது. அதைச் சுட்டு உலைச் செங்கல் ஆக்குகிறவர்கள் சூளையின் நிறத்தைப் பார்த்தே சூடு சொல்வார்கள். அவர்களை எத்தனை ஆய்வேட்டில் பார்த்திருக்கிறீர்கள்? வழிகாட்டிகளே, ஒரு மாணவர் 'பலிக்கவில்லை' என்று முடிவு கொண்டுவந்தால், வேறு தலைப்பு பார் என்று திருப்பி அனுப்பாதீர்கள். அதற்கும் பட்டம் கொடுங்கள்.

சித்திரையில் மாவுப்பூச்சி ஏறும். அப்போது வாருங்கள். காலை வெயில், உச்சி வெயில், மழைத்தூறல், அழுக்கு இலை, எறும்பு எல்லாவற்றோடும் செடியில் வைத்தே படமெடுங்கள். குருத்தைத் தவறாமல் எடுங்கள். எந்தச் செடியில் என்ன இருக்கிறது என்று களை எடுக்கும் அக்கா சொல்வார். அவருக்கு அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள், பெயரையும் கட்டுரையில் போடுங்கள். வெள்ளைத்தாள் வேண்டாம். மதியச் சோறு என் வீட்டில்.

இப்படிக்கு,
வாழப்பாடிப் பக்கத்து ஒரு பழைய வாத்தியார்