டைம்ஷீட்டில் ஒரு வரி கேட்கிறேன்: மென்பொருள் நிறுவன மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் மென்பொருள் நிறுவனங்களின் பொறியியல் பிரிவையும் சட்டப் பிரிவையும் நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். பதினான்கு ஆண்டுகளாக நிரல் எழுதிச் சம்பளம் வாங்குகிறேன். தொழிலைக் கற்றதே உங்களைப் போன்ற மேலாளர்களிடம்தான். அந்த உரிமையில், நாம் பயன்படுத்தும் திறந்த மூலக் கருவிகளைப் பற்றி, அதாவது யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய மென்பொருள்களைப் பற்றி, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

2024 மார்ச் 29, பெரிய வெள்ளி. ஊருக்குப் போகும் பஸ்ஸில் இருந்தேன். விழுப்புரம் தாண்டியிருக்கும். அலுவலகக் குழுவில் வரிசையாக ஒரே கேள்வி வந்து விழுந்தது: "நம்ம சர்வர்ல எக்ஸ்இஸட் என்ன வெர்ஷன்?" எக்ஸ்இஸட் என்பது கோப்புகளைச் சுருக்கும் சின்னக் கருவி. லினக்ஸ் இயங்குதளம் ஓடும் இடமெல்லாம் இருக்கும், ஆனால் அதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ கள்ளக் கதவு வைத்துவிட்டார்கள் என்பதுதான் செய்தி. சாவி வைத்திருப்பவன், தொலைவிலிருந்து சர்வருக்குள் போகும் வழியான எஸ்எஸ்எச் மூலம் உள்ளே நுழைந்து எந்தக் கட்டளையையும் ஓட்டலாம்.

எங்கள் சர்வர்களில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் நிலையான பதிப்பு இருந்ததால் தப்பித்தோம். கள்ளக் கதவு அதுவரை டெபியன், ஃபெடோரா போன்றவற்றின் சோதனைப் பதிப்புகளுக்குத்தான் வந்திருந்தது. இன்னும் சில மாதம் கழிந்திருந்தால் உலகத்துச் சர்வர்களில் பெரும் பங்கு திறந்து கிடந்திருக்கும். கண்டுபிடித்தது எந்தப் பாதுகாப்பு நிறுவனமும் இல்லை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வேலை செய்யும் ஆன்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற பொறியாளர், எஸ்எஸ்எச் உள்நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார். 0.3 நொடியில் முடிய வேண்டியது 0.8 ஆகியிருந்தது. சரி போகட்டும் என்று விடாமல் நோண்டிப் பார்த்தார். அவ்வளவுதான் நமக்கும் அந்தப் பேரழிவுக்கும் நடுவில் நின்றது.

பிறகு ஒரு வாரம் அந்தத் திட்டத்தின் பழைய மின்னஞ்சல்களை உட்கார்ந்து படித்தேன். நுட்பத்தைவிட அதுதான் என்னை உலுக்கியது. எக்ஸ்இஸட்டைப் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டவர் லாசே கொலின் என்ற ஒரே மனிதர். சம்பளம் கிடையாது. 2022-ல் ஜிகர் குமார் என்ற பெயரில் ஒருவர் அவரை நெருக்கத் தொடங்கினார்: திருத்தங்கள் ஏன் இத்தனை நாளாகக் கிடக்கின்றன, வேறு ஆள் வந்தால்தான் இது நகரும் என்று. இன்னொரு பெயரிலும் அதே பல்லவி. தனக்கு நெடுநாளாக மனநலப் பிரச்சினை இருக்கிறது, இது சம்பளமில்லாமல் ஆர்வத்தில் செய்யும் வேலை என்பதை மறக்க வேண்டாம் என்று கொலின் பதில் எழுதினார். அப்போது பக்கத்தில் பொறுமையாக, உதவியாக இருந்தவர் ஜியா டான். படிப்படியாகப் பொறுப்பு அவர் கைக்குப் போனது. கதவை வைத்ததும் அந்தக் கைதான். நெருக்கிய பெயர்களும் அந்த நாடகத்தின் பகுதி என்றே பாதுகாப்பு ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். பெயர்களுக்குப் பின்னால் யார் என்பது இன்றுவரை வெளிவரவில்லை.

அந்த நெருக்கும் மின்னஞ்சல்களைப் படித்தபோது அவை பொய்யாகவே தோன்றவில்லை. அந்தக் குரல் எனக்குப் பழக்கமானது. "இதில் ஏதாவது முன்னேற்றம் உண்டா? எங்கள் ரிலீஸ் நிற்கிறது" என்று, முகம் தெரியாத, காசு வாங்காத ஒருவருக்கு நானே எழுதியிருக்கிறேன். என் தோளுக்குப் பின்னால் என் மேலாளர் நின்றார், அவருக்குப் பின்னால் வாடிக்கையாளர் நின்றார். அந்த அழுத்தத்தை அப்படியே அடுத்தவர் தலையில் இறக்கி வைத்தேன். கொலினை நெருக்கியவர்கள் புதிதாக எந்த வேஷமும் போட வேண்டியிருக்கவில்லை. நாம் நாள்தோறும் எழுதும் தொனியே போதுமான மறைவாக இருந்தது.

இது ஒரு எக்ஸ்இஸட்டோடு முடியவில்லை. பல சர்வர்களில் மென்பொருள்களை ஓட்டி நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ் உங்கள் நிறுவனத்தில் ஓடினால், வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை உள்ளே அனுப்பும் இங்க்ரெஸ் எஞ்சினெக்ஸ் அதன் வாசலில் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். அதைக் கைவிடுவதாக 2025 நவம்பரில் அறிவித்தார்கள், 2026 மார்ச் வரைதான் பராமரிப்பு என்று. காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னார்கள்: பல ஆண்டுகளாக ஒருவர் அல்லது இருவர், அலுவலக வேலை முடிந்த இரவுகளிலும் வார இறுதிகளிலும் பார்த்து வந்தார்கள், உதவி கேட்டும் ஆள் வரவில்லை. அறிவிப்பு வந்தவுடன் மாற்றத்துக்கான திட்டம் போட நிறுவனங்கள் எத்தனை பொறியாளர்களை, எத்தனை மாதங்களுக்கு ஒதுக்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதில் ஒரு துளி முன்பே போயிருக்கலாம்.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நான் இருந்த நிறுவனத்தில் பெட்ரோல் பங்குகளுக்கான கணக்கு மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். ஒரு பங்கின் கணக்காளர் தினமும் போன் செய்வார்: "சார், ராத்திரி கணக்கு இடிக்குது." பத்து நாள் தேடினோம். நேரத்தைக் கையாளும் ஒரு திறந்த மூல நூலகம் (மற்றவர் எழுதி வைத்த ஆயத்த நிரல்), உலகப் பொது நேரத்திலிருந்து நம் ஊருக்குள்ள ஐந்தரை மணி நேர வித்தியாசத்தை ஓரிடத்தில் ஐந்து மணி என்று எடுத்துக்கொண்டது. அதனால் நள்ளிரவு 12 மணியிலிருந்து 12.30 வரை நடந்த விற்பனை முழுக்க முந்தைய நாள் கணக்கில் போய் உட்கார்ந்தது. எழுதியவர் மீது குற்றமில்லை. அரை மணி வித்தியாசமே இல்லாத நாட்டுக்காரர் அவர். எங்களுக்குத்தான் அது தெரியும்.

திருத்தம் மூன்று வரி. கூடவே ஒரு சோதனை. அதை அந்தத் திட்டத்துக்கே அனுப்பிவிடலாம் என்று கேட்டேன். நிறுவன நேரத்தில் எழுதிய எதையும் வெளியே தரக் கூடாது என்றது சட்டப் பிரிவு. சரி, எங்கள் பிரதியில் மட்டும் திருத்தி வைத்துக்கொண்டோம். இரண்டு ஆண்டு கழித்து, விஷயம் தெரிந்தவர்கள் வேறு இடம் போன பிறகு, புதிதாக வந்த தம்பி ஒருவர் நூலகத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றினார். அவர் செய்தது சரியான வேலைதான். ஆனால் திருத்தம் காணாமல் போனது, அரை மணி நேரம் மறுபடி முந்தைய நாளுக்குப் போனது. இந்த முறை கண்டுபிடிக்க எட்டு நாள். அந்த மூன்று வரியை வெளியே கொடுத்திருந்தால் எங்களுக்கும் மிச்சம், பர்மாவிலும் ஆப்கானிஸ்தானிலும் அரை மணிக் கணக்கில் வாழ்கிறவர்களுக்கும் மிச்சம்.

அதனால் சட்டப் பிரிவில் இருப்பவர்களிடம் முதலில் கேட்கிறேன். வேலை ஒப்பந்தத்தில் ஒரு பத்தி சேருங்கள்: நாம் பயன்படுத்தும் திறந்த மூலக் கருவிகளில் கண்ட பிழையை, வாடிக்கையாளர் தகவல் எதுவும் இல்லாமல், ஊழியர் அந்தத் திட்டத்துக்குத் திருப்பி அனுப்பலாம் என்று. ஒவ்வொரு முறையும் அனுமதிக் கடிதம் வேண்டாம். குழுத் தலைவர் ஒருமுறை பார்த்தால் போதும்.

மேலாளர்களே, உங்களிடம் கேட்பது நேரம். பணமும் தேவைதான். பெங்களூரின் பங்கு வர்த்தக நிறுவனமான ஜெரோதா 2024-ல் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் ஒதுக்கி இதற்கென்று ஒரு நிதியம் தொடங்கியது. ஜெர்மனி அரசு 2022-லேயே தொடங்கிவிட்டது. மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் நம் ஊர் நிறுவனங்களிடம் பெரிய செல்வம் ஆட்கள். ஆட்களின் நேரத்தை விற்றுத்தான் நாம் வளர்ந்தோம். என் டைம்ஷீட்டில் பயிற்சிக்கு ஒரு வரி உண்டு, கூட்டங்களுக்கு ஒரு வரி உண்டு, வேலையில்லாமல் காத்திருப்பதற்குக்கூட ஒரு வரி உண்டு. நாம் நிற்கும் கருவிகளைப் பார்த்துக்கொள்ள வரி கிடையாது. பொறியாளருக்கு வாரம் நான்கு மணி நேரம் அந்த வரியில் போட அனுமதியுங்கள். பெரிய அம்சங்கள் எழுத வேண்டியதில்லை. வந்த புகார்களைத் தங்கள் கணினியில் ஓட்டிப் பார்த்து உண்மையா என்று சொல்வதும், விளக்கக் குறிப்புகளைத் திருத்துவதும், சோதனை எழுதுவதும் தனியாளாகத் திணறுகிறவருக்குப் பெரிய ஆறுதல்.

உண்மையா என்று பார்க்காமல் அனுப்புவது இப்போது பெரிய தொல்லையாகியிருக்கிறது. இணையம் வழியாகத் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் கருவியைப் பராமரிக்கும் டேனியல் ஸ்டென்பெர்க், செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்த போலிப் பாதுகாப்புப் புகார்கள் குவிந்ததால், பிழை கண்டுபிடிப்பவர்களுக்கான பரிசுத் திட்டத்தையே 2026 ஜனவரியோடு நிறுத்தினார். 2022-ல் அதே மனிதருக்கு ஒரு பெரிய நிறுவனம், லாக்4ஜே என்ற வேறொரு கருவியில் கண்ட பாதுகாப்பு ஓட்டை பற்றிய கேள்விகளுக்கு 24 மணி நேரத்தில் பதில் தரச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பியது. கர்ல் சி மொழியில் எழுதியது, லாக்4ஜே ஜாவாவுக்கானது. யாருக்கு எழுதுகிறோம் என்றே பார்க்காமல் அனுப்பிய கேள்விப் படிவம் அது. உங்கள் பெயரில் அப்படி ஒன்று போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொடங்குவதற்கு வழி ஏற்கெனவே உங்கள் மேசையில் இருக்கிறது. ஒரு மென்பொருளுக்குள் என்னென்ன கருவிகள் இருக்கின்றன என்ற எஸ்பாம் (SBOM) பட்டியலுக்கு, இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2024 அக்டோபரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. வாடிக்கையாளர் கேட்பதற்காக உங்களில் பலர் அந்தப் பட்டியலைத் தயாரித்தும் இருப்பீர்கள். அதில் ஒவ்வொரு பெயருக்கும் நேராக இன்னொரு கட்டம் சேருங்கள்: இதைப் பார்த்துக்கொள்கிறவர்கள் எத்தனை பேர்? ஒன்று என்று வரும் இடங்களை மட்டும் தனியே எடுங்கள். அந்த நான்கு மணி நேரம் முதலில் அங்கே போகட்டும்.

அந்தக் கட்டத்தை நிரப்ப உங்கள் குழுவில் ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள். சனிக்கிழமைகளில் நான் வந்து உட்கார்ந்து செய்து தருகிறேன். என் நிறுவனத்துக்கான பட்டியலைச் சென்ற மாதம் முடித்தேன். ஒன்று என்று வந்தவை பதினேழு.

அன்புடன்,
ஒரு நிரலாளர்
சோழிங்கநல்லூர்