லட்ச ரூபாய் வாத்தியார்: மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீ போட்ட மீமைப் பார்த்தேன். அரசுப் பள்ளி வாத்தியாருக்கு வருஷத்தில் பாதி நாள் லீவு, மாசம் லட்ச ரூபாய் சம்பளம், அதற்கு மேல் ஸ்டிரைக் வேறு. உன் அத்தைக்குக் கோபம். எனக்குச் சிரிப்புதான் வந்தது, ஏனென்றால் அதில் பாதி உண்மை. குழுவில் பதில் போட்டால் உன் அப்பா நடுவில் புகுந்து சமாதானம் பேசிக் காரியத்தைக் கெடுத்துவிடுவார். அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் சம்பளத்திலிருந்தே தொடங்குகிறேன். நான் பட்டதாரி ஆசிரியர். எங்கள் பதவிக்கு அடிப்படை ஊதியம் 36,400 ரூபாயில் தொடங்குகிறது. இதே அரசில் உதவிப் பொறியாளராகச் சேர்பவருக்கு 37,700. உதவி மருத்துவருக்கு 56,100. ராத்திரி டூட்டி பார்க்கிற டாக்டருக்குக் கூடக் கொடுப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இன்ஜினியருக்கும் எனக்கும் 1,300 ரூபாய்தான் வித்தியாசம். இருபது வருஷ சர்வீஸில் அகவிலைப்படியோடு சேர்த்து லட்சத்தைத் தொடுகிறோம் என்பதும் நிஜம். என்னைக் கேட்டால் இது நியாயமான சம்பளம். வாத்தியாரே சொல்லிவிட்டார் என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள். எங்களிலும் ஓபி அடிக்கிறவர்கள் உண்டு, அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை.

ஆனால் உன் மீமில் இருக்கிற வாத்தியார் நான் ஒருவன்தான். என் பக்கத்து அறைக்கு வா.

அங்கே மூன்றாம் வகுப்புக்கு ‘எண்ணும் எழுத்தும்’ என்கிற அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்டத்தை நடத்துகிற இடைநிலை ஆசிரியைக்குத் தொடக்க ஊதியம் 20,600. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, தகுதித் தேர்விலும் தேறியவர். பத்தாம் வகுப்புத் தகுதி போதும் என்கிற இளநிலை உதவியாளர் பணிக்கு 19,500. இரண்டுக்கும் இடையே 1,100 ரூபாய். அதே மூன்றாம் வகுப்பைக் கேந்திரிய வித்யாலயாவில் நடத்துகிறவருக்கு 35,400.

இதில் இன்னொரு கூத்து. இடைநிலை ஆசிரியர்களிலேயே இரண்டு ஜாதி. ஆறாவது ஊதியக் குழு வந்தபோது, பழைய 4,500 ரூபாய் அடிப்படை ஊதியத்தை 1.86 ஆல் பெருக்கி, ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களுக்கு 8,370 என்று நிர்ணயித்தார்கள். 2009 ஜூன் 1-ம் தேதிக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பெருக்க ஒன்றும் இல்லையாம். அவர்களை நேரடியாக 5,200-ல் வைத்தார்கள். அதோடு சேர்க்கிற தர ஊதியம் (கிரேடு பே) 2,800 இருவருக்கும் ஒன்றுதான். மே 31-ம் தேதி சேர்ந்தவருக்கும் மறுநாள் சேர்ந்தவருக்கும் அடிப்படையில் 3,170 ரூபாய் இடைவெளி. ஏழாவது ஊதியக் குழு எல்லாவற்றையும் 2.57 ஆல் பெருக்கியதும் அந்த இடைவெளி எட்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. அதற்கு மேல் அகவிலைப்படியும் சதவீதக் கணக்கில் ஏறுகிறது. ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ என்று சென்னையில் பள்ளிக் கல்வித் துறை அலுவலகங்கள் இருக்கிற டிபிஐ வளாகத்தில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தவர்களை நீ டிவியில் பார்த்திருப்பாய். லட்ச ரூபாய் போதாது என்று வந்தவர்கள் இல்லை அவர்கள்.

அப்புறம் எங்கள் ஓவிய ஆசிரியர். 2012-ல் பகுதிநேர ஆசிரியர்களாகப் பதினாறாயிரம் பேருக்கு மேல் எடுத்தார்களே, அதில் ஒருவர். வாரத்துக்கு மூன்று அரை நாள், மாசம் 5,000 ரூபாய். அது 7,700, 10,000 என்று நகர்ந்து, 12,500 என்ற அறிவிப்பு வர 2023 ஆனது. பல வருஷம் மே மாசச் சம்பளமே கிடையாது. ஆண்டு விழாவுக்கு மேடைத் திரை வரைவதற்கு மட்டும் அவர் முழுநேர ஆசிரியர்.

இவர்கள் எல்லாம் அரசுக் கணக்கில் இருப்பவர்கள். உன் மகளின் பள்ளிக்கு வருகிறேன். அந்த மிஸ் எம்.எஸ்சி., பி.எட். என்று நீதான் பெருமையாகச் சொன்னாய். பி.எட். இப்போது இரண்டு வருஷம். பட்டம், மேற்பட்டம் எல்லாம் சேர்த்தால் ஏழு வருஷப் படிப்பு. நீ நான்கு வருஷம் படித்து கேம்பஸில் மூன்றரை லட்சத்துக்குச் சேர்ந்தபோது, ‘இது ஒரு சம்பளமா’ என்று என்னிடம் புலம்பினாய். மாசத்துக்கு 29,000. எனக்குத் தெரிந்த ஒரு பெண், அதே எம்.எஸ்சி., பி.எட்., ஒரு மெட்ரிக் பள்ளியில் எட்டு வருஷமாக இருக்கிறார், வாங்குவது 14,000. சேரும்போது ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வருஷத்தின் நடுவில் கிளம்பினால் அதைத் திருப்பி வாங்க அலைய வேண்டும். கொரோனா காலத்தில் பல மாசம் சம்பளமே வரவில்லை, வீட்டு வாசலில் மாவு அரைத்து விற்றார்.

சட்டத்திடம் போகலாமே என்பாய். அங்கேதான் வேடிக்கை. ஆசிரியர் தொழில் தகராறு சட்டத்தின்படி ‘தொழிலாளி’ இல்லை என்று 1988-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கற்பிப்பது உயர்ந்த பணி, எழுத்தர் வேலை மாதிரி இல்லையாம். 1996-ல் குறைந்தபட்ச ஊதியச் சட்டமும் ஆசிரியருக்குப் பொருந்தாது என்றாகிவிட்டது. 2004-ல் பணிக்கொடை (கிராஜுவிட்டி) சட்டத்திலும் இடமில்லை என்றார்கள். பிறகு நாடாளுமன்றம் 2009-ல் அந்தச் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. அதை எதிர்த்தும் தனியார் பள்ளிகள் வழக்குப் போட்டன. திருத்தம் செல்லும் என்று இறுதித் தீர்ப்பு வர 2022 ஆனது. ஆக, உன் மகளின் பள்ளி வேன் ஓட்டுகிறவர் குறைந்தபட்சக் கூலி கேட்டுத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகலாம். அந்தத் தீர்ப்புகளின்படி மிஸ் போக முடியாது, அவர் செய்வது உயர்ந்த பணி! செப்டம்பர் 5-ம் தேதி பூங்கொத்து கொடுக்கிறீர்களே, அதை வேண்டுமானால் வாங்கிக்கொள்ளலாம்.

‘அவர்கள் வேறு வேலைக்குப் போகலாமே’ என்று உன் நண்பன் ஒருவன் அடியில் எழுதியிருந்தான். போகத்தான் முயல்கிறார்கள். தகுதித் தேர்வில் தேறினாலும் 2018-ல் வந்த அரசாணை 149-ன்படி நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும். பகலில் உன் மகளுக்குப் பாடம் சொல்லி, ராத்திரி அதற்குப் படிக்கிறவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பெண்ணும் படிக்கிறார். அவர் குறி வைத்திருப்பது நீ கிண்டல் செய்த அந்த லட்ச ரூபாயை.

எனவே எனக்குக் குறைத்தால் நியாயம் வந்துவிடும் என்று நீ நினைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரே வேலைக்கு இந்த ஊரில் ஐந்தாறு விலை இருக்கிறது, எல்லாரும் மேலே இருக்கிற விலைச்சீட்டை மட்டும் பார்க்கிறீர்கள். என் சம்பளத்தை அரசாணையில் யாரும் படிக்கலாம். உன் மகளின் மிஸ் சம்பளம் உனக்குத் தெரியுமா? வருஷா வருஷம் ஃபீஸைக் கூட்டும்போது அதில் எத்தனை ரூபாய் அவருக்குப் போனது என்று பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்டுப் பார். மிஸ்ஸிடம் மட்டும் கேட்காதே, அவர் வேலைக்கு ஆபத்து. நிர்வாகத்திடம் கேள். என்ன சொன்னார்கள் என்று குழுவிலேயே போடு, உன் அத்தையும் படிக்கட்டும்.

அன்புடன்,
மாமா